நந்தி அடிவாரத்துக் கிராம நடை: பாதியில் திருப்பிக் கூட்டி வந்தார்கள், அதற்காகவே பரிந்துரைக்கிறேன்

பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வெளியே போய் வயல், ஏரிக்கரை என்று நடந்துவிட்டு வர இடம் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நந்தி மலை அடிவாரத்தில், நந்தி கிராமத்தைச் சுற்றி, உள்ளூர் அண்ணன் தம்பி இருவர் ஒரு நடை நடத்துகிறார்கள். கம்பெனி, பெயர்ப்பலகை, ஆபீஸ் எதுவும் கிடையாது. ஏற்கனவே போய் வந்தவர்களிடம் நம்பர் வாங்கி வாட்ஸ்அப்பில் சொன்னால் பெயரை எழுதிக்கொள்வார்கள். தலைக்கு 1,200 ரூபாய். காலை டிபனும் மதியச் சாப்பாடும் அதில் அடக்கம். அங்கே போய்ச் சேருவது நம் பொறுப்பு.

நாங்கள் போனது மார்ச் முதல் வாரம். அப்பாவும் வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், திருக்கோவிலூர் பக்கம் தென்பெண்ணைக் கரையில் வாழ்நாள் முழுக்க விவசாயம் பார்த்தவர். அந்த ஆறு நந்தி மலைத் தொடரில்தான் பிறக்கிறது என்று நான் சொன்னதிலிருந்து, எப்போது கூட்டிப் போகிறாய் என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் இங்கே ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் நர்ஸ். வெயிலைப் பற்றி இதில் நிறைய எழுதப்போகிறேன் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரில் மார்ச் மாதம் என்றால் பகலில் 33 டிகிரி பக்கம்தான் இருக்கும். காலையில் லேசான குளிர்கூட மிச்சமிருக்கும். அன்று அப்படி இல்லை. காலை ஆறரைக்கே காற்று அசையவில்லை. மதியம் போனில் பார்த்தால் 36. ஏப்ரல் கடைசியில் வர வேண்டிய வெயில் முன்கூட்டியே வந்துவிட்டது. அதோடு ஒரு புகைமூட்டம். பனி இல்லை, மேகமும் இல்லை. சிக்கபள்ளாபூர் சுற்றுவட்டாரத்தில் கல் குவாரிகள் அதிகம். அந்தத் தூசி, காய்ந்த புல்லையும் சருகையும் கொளுத்தும் புகை, சாலைப் புழுதி எல்லாம் காற்று இல்லாத நாளில் மேலே போக வழியில்லாமல் தரையோடு தங்கிவிடுகின்றன. 1,478 மீட்டர் உயர மலை எதிரில் நிற்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அது இருக்கும் திசையில் வெளிறிய ஒரு வெள்ளை மட்டும். மலைக்காட்சிக்காகவே வருகிறவர்கள் பிப்ரவரிக்குள் வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு மழை தொடங்கும்வரை இங்கே போட்டோ எடுக்க வருவது வீண்.

நடை போக நந்தீஸ்வரர் கோயிலில் தொடங்குகிறது. இது நல்ல ஏற்பாடு. தளம் முழுக்கக் கல், செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்தக் கல்லில் கால் வைக்க முடியாது. ஏழு மணிக்கு முன்பே உள்ளே போனதால் தரை இன்னும் குளிர்ச்சியாகவே இருந்தது. கோயிலின் தொடக்கம் 9-ஆம் நூற்றாண்டு. நுளம்பர் காலத்தில் ஆரம்பித்து கங்கர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று ஒவ்வொருவரும் ஏதாவது சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சன்னிதிகள், ஒன்று அருணாசலேஸ்வரர், இன்னொன்று போக நந்தீஸ்வரர். திருவண்ணாமலைக்கு வருஷா வருஷம் நடந்தே போன மனிதர் என் அப்பா. இங்கே அருணாசலேஸ்வரர் இருப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, சன்னிதியை விட்டு வர மனசே வரவில்லை. இரண்டு சன்னிதிக்கும் நடுவே இருக்கும் கல்யாண மண்டபத்தை அவசரப்படாமல் பாருங்கள். கருங்கல் தூண்களில் தெய்வத் தம்பதிகள், மேலே கொடிக்கு நடுவே கிளிகள். நம்மை அழைத்துப் போகும் தம்பி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார். நேராக அடித்தால் தட்டையாகத் தெரிவது, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்ததும் ஒவ்வொரு இறகாக எழுந்து வந்தது. பெரிய விளக்கவுரை எதுவும் கொடுக்கவில்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பார்த்து முடிக்கும்வரை சும்மா நின்றார். இது எனக்கு மிகவும் பிடித்தது.

டிபன் சுமார்தான். ஆறிப்போன இட்லி, தண்ணீராய் ஒரு சட்னி.

அப்புறம் ஏரிக்கரை. இங்கேதான் எனக்கு முதல் குறை. முந்தின நாள் அனுப்பிய செய்தியில் "நிழல் வழி" என்று போட்டிருந்தார்கள். ஏரிக்கரையில் அரை மணி நேரத்துக்கு மேல் நடக்கிறோம், ஒரு மரம் இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த நாளுக்கு அது போதவே போதாது. வெயில் கூடும் என்று வானிலை அறிவிப்பு வந்த பிறகும் குளிர்காலத்தில் அனுப்பும் அதே செய்தியை அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். பெரியவர்களும் குழந்தைகளும் வருகிற இடத்தில் இதை மாற்றியே ஆக வேண்டும். முடிந்ததும் நேரிலேயே சொன்னேன். மறுப்பு சொல்லாமல் கேட்டுக்கொண்டார்கள்.

ஏரி பற்றி அந்தத் தம்பி சொன்னது அன்றைய நாளின் கனமான பகுதி. அவர் ஓசூரில் சில வருஷம் வேலை பார்த்தவர், தமிழ் நன்றாகவே வருகிறது. என்னை அக்கா என்றும் அப்பாவைத் தாத்தா என்றும் கூப்பிட்டார். ஆறு பிறக்கும் இடத்தைக் காட்டுப்பா என்று அப்பா கேட்டதும் ஒரு பள்ளத்தைக் காட்டினார். உண்ணிச்செடி மண்டிய, காய்ந்த ஓடை. இங்கே ஊற்று ஒன்று பீறிட்டு ஆறு கிளம்புவதில்லை. மலையில் பெய்யும் மழை ஓடை ஓடையாக இறங்கி ஓர் ஏரியை நிரப்பும், அது கலிங்கு வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும், அங்கிருந்து அடுத்தது. அப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் ஆறு. இந்த மலைத் தொடரின் ஒரு பக்கத்து மழை அர்க்காவதியாகி காவிரியில் சேர்கிறது. இன்னொரு பக்கத்து மழை வடபெண்ணையாகி ஆந்திராவில் நெல்லூர் வரை போகிறது. நம் தென்பெண்ணை ஓசூர் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் என்று இறங்கி கடலூர் பக்கம் கடலில் கலக்கிறது. பாலாறும் இந்தப் பக்கத்து மழைதான்.

அப்பா அந்த ஓடைக்குள் இறங்கி, கைத்தடியால் மணலைக் கிளறிப் பார்த்தார். "இங்க ஒரு வாய்க்கா அகலம்கூட இல்லியே. அங்க வந்து எங்க நெலத்துல இடுப்பளவு மணலைக் கொட்டிட்டுப் போச்சே" என்றார். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டபோது வந்த வெள்ளத்தைச் சொல்கிறார். தம்பிக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் அந்த மணலை எப்படி அள்ளினீர்கள், யார் செலவு, இந்த வருஷம் நடவு உண்டா என்றுதான் அவர் கேட்டார். இருவரும் கரைமேல் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். கூட வந்த மற்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்ததற்கு அவர்களுக்கும் நன்றி.

மார்ச்சில் அந்த ஏரியில் தண்ணீர் இருந்ததே ஆச்சரியம். பெங்களூர் ஹெப்பாள்–நாகவாரா பள்ளத்தாக்கில் சேரும் கழிவுநீரைச் சுத்திகரித்து இந்தப் பக்கத்து ஏரிகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள், மொத்தம் 65 ஏரிகளுக்கு என்பது திட்டம். இந்த ஏரிக்கும் அந்தத் தண்ணீர் வருகிறதாம். நாம் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் இவர்கள் நிலத்தடி நீராக மாறுகிறது. ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டும் புகைதான் வரும் என்ற நிலை மாறி, கிணற்றில் நீர்மட்டம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு அனுப்புகிறார்கள், மிச்ச அழுக்கையும் கிருமியையும் நீக்கும் மூன்றாம் கட்டமும் செய்து அனுப்பச் சொல்லி இந்த மாவட்டத்துக்காரர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏரியில் கால் நனைக்க வேண்டாம் என்று குழந்தைகளைத் தடுத்தது அதனால்தான். நாமக்கோழிகளும் நீர்க்காகங்களும் நிறைய இருந்தன. மூட்டத்தில் அக்கரை தெரியவில்லை, பறவைச் சத்தம் மட்டும் அங்கிருந்து வந்தது.

கரையை விட்டு இறங்கினால் புளியந்தோப்பு. புளி உலுக்கும் காலம். நீண்ட மூங்கில் கழியோடு ஒருவர் மரத்தின்மேல், கீழே சாக்கு விரித்துப் பொறுக்கும் பெண்கள். அங்கங்கே புங்கை மரங்கள் புதுத் தளிரோடு பளபளவென்று நின்றன. நிழலுக்குள் கால் வைத்ததும் உடம்புக்கு வித்தியாசம் தெரிகிறது. அடுத்து திராட்சைத் தோட்டம். இந்த ஊர்ப்பக்கத்து பெங்களூர் புளூ திராட்சை, 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியது. தோல் தடிமன், உள்ளே கொட்டை, வாசனை தூக்கலாக இருக்கும். பச்சைத் திராட்சை தின்று பழகியவர்களுக்கு முதலில் பிடிக்காது, ஒரு கொத்து தின்றபின் விட மாட்டார்கள். பந்தலுக்குக் கீழே கிலோக்கணக்கில் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தப் பந்தலில்தான், மணி பத்து ஆகும் முன், எங்கள் குழுவில் ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு முடியாமல் போனது. தடித்த ஜீன்ஸ், கறுப்புச் சட்டை. கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், தலை கிறுகிறுக்கிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றார். நான் எழுந்து போவதற்குள் தம்பி அவரைப் படுக்க வைத்து, காலடியில் பையை வைத்து உயர்த்தி, சட்டைப் பொத்தானைக் கழற்றி, தன் துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்துவிட்டார். பையிலிருந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எடுத்துக் கரைத்தார். மடமடவென்று குடிக்க விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். நான் நாடி பார்த்தேன். வேகமாக இருந்தது, ஆனால் நன்றாக வேர்த்திருந்தது, பேச்சு தெளிவு, கேட்டதற்குச் சரியாகப் பதில். ஆகவே இது வெயில் களைப்பு. பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெப்பவாதம். அப்போது ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் 108-க்குப் போன் போட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பொட்டலம் இல்லாதவர்கள் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கரைத்துக்கொள்ளலாம். தேக்கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடிவிடக் கூடாது.

சீக்கிரம் வருகிற வெயில்தான் எங்களுக்குக் கூடுதல் பயம். மே மாதத்து 36 டிகிரிக்கு உடம்பு ஏற்கனவே பழகியிருக்கும். வேர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறைவாகப் போகும். அப்படிப் பழக ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். மார்ச் முதல் வாரத்தில் திடீரென்று அடிக்கும் அதே 36, ஏசி அறையிலிருந்து கிளம்பி வந்தவரைச் சாய்த்துவிடும். வானம் மூட்டமாக இருப்பதால் வெயில் உறைக்காது என்றும் நினைத்துவிடுகிறோம். அன்று யாரும் குடைகூட விரிக்கவில்லை.

திட்டப்படி அடுத்தது ஒரு பாறைக்குன்று ஏறுவது. அதற்காகவே வந்திருந்தார்கள் இரண்டு இளைஞர்கள். தம்பி தன் அண்ணனுக்குப் போன் பண்ணி இரண்டு வார்த்தை பேசினார், எங்களிடம் வந்து, குன்று இன்றைக்கு இல்லை, தோப்பு வழியாக வீட்டுக்குப் போகிறோம் என்றார். இளைஞர்கள் கோபப்பட்டார்கள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, காசு கொடுத்தது அதற்குத்தானே என்று குரல் உயர்ந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. "பாறை மேல ஒரு நிழல் கிடையாது. இப்பவே சூடு ஏறியிருக்கும். யாராவது விழுந்தா தூக்கிட்டு எறங்க ஒரு மணி நேரம் ஆகும், எனக்கு அத்தனை ஆள் இல்ல. காசு திருப்பித் தர்றேன், மேல மட்டும் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்றார். அப்புறம் கேட்டவர்களுக்கு 200 ரூபாய் திருப்பிக் கொடுத்ததையும் பார்த்தேன்.

இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கருங்கல் காலையிலிருந்து வாங்கிய சூட்டைத் திருப்பி வீசிக்கொண்டே இருக்கும், மேலே வெயில், கீழே பாறை. அங்கே யாராவது விழுந்து, ஒரு மணி நேரம் கழித்து எங்கள் பிரிவுக்கு வந்து சேர்ந்தால் என்ன நிலையில் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். வாரத்தில் ஒரு நாள் வருமானம், வாடிக்கையாளர் திட்டுகிறார், காசு திருப்பித் தர வேண்டியிருக்கிறது. அப்படியும் முடியாது என்று சொல்ல ஒரு மனிதர் இருந்தார். வழி தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் கிடைப்பார்கள். அப்பாவை நான் மறுபடியும் ஒப்படைப்பது இவரிடம்தான்.

குன்றுக்குப் பதில் கிடைத்ததும் ஒன்றும் குறைச்சல் இல்லை. அவர்கள் வீட்டுப் பட்டுப்புழு மனை. கொசு மருந்து பூசிக்கொண்டு வராதீர்கள் என்று முந்தின நாள் செய்தியில் இருந்தது, காரணம் இங்கேதான் புரிந்தது. பூச்சியை விரட்டும் எதுவும் புழுவுக்கு விஷம். புகையிலை வாசனைகூட ஆகாது. வாசலில் சுண்ணாம்பு மிதித்து, கை கழுவி, இரண்டிரண்டு பேராக உள்ளே போனோம். வெளியே அவ்வளவு வெயில், உள்ளே இதமாக இருக்கிறது. ஜன்னல்களில் எல்லாம் சாக்கு கட்டி, தம்பியின் அண்ணி சொம்பால் தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டே இருந்தார். வளர்ந்த புழுவுக்கு 25 டிகிரி பக்கம்தான் ஏற்றது. சூடு ஏறினால் இலை தின்பதைக் குறைத்துவிடும், நோய் வரும், கூடு மெலியும். நான்கு முறை தோல் உரித்து, கடைசிப் பருவத்தில் இருந்த புழுக்கள். ஆயுசில் தின்னும் இலையில் பெரும்பங்கை இந்த ஒரு வாரத்தில்தான் தின்று தீர்க்கும். தட்டுத் தட்டாக மல்பெரிக் கிளைகளின் மேல் ஆயிரக்கணக்கில் வெளிர் உடம்புகள், எல்லாம் ஒரே நேரத்தில் மெல்லும் சத்தம் ஓலைக் கூரையில் தூறல் விழுவதைப் போல் இருந்தது. ஒரு புழு இலையின் ஓரத்தில் தலையை மேலிருந்து கீழே இழுத்து இழுத்து, அரிவாள் போட்ட மாதிரி பிறை வடிவத்தில் தின்று கொண்டே போனது. அப்பா முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடு கட்டியதும் சித்லகட்டா சந்தைக்குப் போகும். வெயில் இப்படியே நீடித்தால் இந்த அறுவடை எப்படி வரும் என்று அண்ணி கவலையோடு சொன்னார். மின்விசிறி போட்டால் இலை வாடிவிடும், போடாவிட்டால் புழுக்கம். இரவு எழுந்து எழுந்து சாக்கை நனைக்கிறார்.

சாப்பாடு தாராளம். கேழ்வரகுக் களி, கீரையும் பருப்பும் வேகவைத்த தண்ணீரில் வைத்த பஸ்ஸாரு, பொரியல், ஊறுகாய், முடிவில் இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போட்ட நீர்மோர். மோரை மண்பானையில் வைத்திருந்தார்கள், கேட்கக் கேட்க ஊற்றினார்கள். களியைக் கடிக்காமல் விழுங்கச் சொல்லி அப்பாவுக்குப் பாடம் எடுத்தார் அண்ணி. அதெல்லாம் நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம்மா என்று அப்பா சிரித்தார். மயக்கம் வந்தவரும் எழுந்து உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். மூன்றரை மணிவரை திண்ணையிலேயே எல்லோரையும் படுத்திருக்கச் சொல்லிவிட்டு, பிறகுதான் அனுப்பினார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காரில் போவதென்றால் பெல்லாரி ரோடு வழியாக தேவனஹள்ளி தாண்டிப் போக வேண்டும். ஞாயிறு விடியற்காலை நந்தி மலைக்குப் போகும் கூட்டம் அதிகம், ஐந்து மணிக்குள் ஹெப்பாளைத் தாண்டிவிடுங்கள். நந்தி ஹால்ட் என்று ஒரு சின்ன ரயில் நிலையமும் இருக்கிறது, ஆனால் ரயில் நேரம் விடியற்கால நடைக்குத் தோதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு அவர்கள் வீட்டுக் கழிப்பறை ஒன்றுதான், நடுவழியில் எதுவும் இல்லை. இதையும் அவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தண்ணீர் ஆளுக்கு இரண்டரை லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள், வெளிர் நிறத்தில் தளர்வான பருத்தி உடை, தொப்பி அல்லது குடை. ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் இந்த மாதிரி நாளில் நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அந்தச் செய்திக்காக. மார்ச்சிலிருந்து மே வரைக்கும் தனியாக ஒரு செய்தி எழுதி, ஏரிக்கரையில் நிழல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, நடையை ஐந்தரைக்கே தொடங்கினால் அந்த ஒன்றையும் கொடுத்துவிடுவேன். அப்பா தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகு, அந்த ஓடையில் தண்ணீர் ஓடும்போது மறுபடியும் போக வேண்டும் என்கிறார். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போதே பெயர் கொடுத்தாகிவிட்டது.